இழுப்பது யார்?

2003இல் தொலைக்காட்சியில் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு சிறுவன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் அவன் பின்னாலேயே போகும். கழுத்தில் கயிறு கிடையாது, கூப்பிடும் குரல் கிடையாது, கையில் பிஸ்கட்டும் கிடையாது. அதை எடுத்த பிரகாஷ் வர்மாவின் நிர்வாணா ஃபிலிம்ஸ், பெங்களூரு நிறுவனம். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நாடெங்கும் பக் குட்டி தேடி அலைந்தார்கள். வாங்கி வந்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது: குட்டி பின்னால் வரவில்லை. சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இன்று அதே ஊரில், காலை ஆறு மணிக்கு ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ இந்திராநகரிலோ நின்று வேடிக்கை பார்த்தால் விளம்பரத்தில் வராத காட்சிகள் கிடைக்கும். முன்னே ஒரு லேப்ரடார், பட்டை கழுத்தை இறுக்க, இரைத்தபடி பாய்கிறது. பின்னே அதன் சொந்தக்காரர், ஒரு கையில் லீஷ், மறு கையில் போன், செருப்புத் தேய இழுபடுகிறார். எதிர்ச்சாரியில் நான்கு மாதப் பீகிள் ஒன்று நடைபாதையில் குத்தவைத்துவிட்டது; “எந்திரிடா கண்ணா, ஆபீஸ் இருக்குடா” என்று ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். டிரான்ஸ்பார்மர் பெட்டியோரம் படுத்திருக்கும் மூன்று தெருநாய்கள் தலையை மட்டும் தூக்கி இரண்டையும் பார்க்கின்றன. கழுத்தில் எதுவும் கட்டாத அந்த மூன்றுக்கும்தான் வண்டி பார்த்துச் சாலையைக் கடக்கத் தெரியும்.

நாய்க்குட்டிக்கு நடக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. எட்டு வாரக் குட்டி தானாகவே ஓடும். கற்றுத்தர வேண்டியது கயிற்றை. அதிலும் பாதிப் பாடம் கயிற்றின் இந்தப் பக்கம், கையில் பிடித்திருப்பவருக்கு.

ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வகத்தில் ஒரு நாய் இருந்தது. மற்ற நாய்கள் சோதனை மேடையில் வார் பூட்டியதும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. திமிறியது, வாரைக் கடித்தது, காரணமில்லாமல் உமிழ்நீர் வடித்தது. அதைப் பற்றி 1917இல் எழுதியபோது பாவ்லோவ் இந்தத் திமிறலைச் சுதந்திரத்துக்கான அனிச்சைச் செயல் என்றே அழைத்தார். நாயை அடித்து அடக்கவில்லை. வார் பூட்டி மேடையில் நிற்கும்போது மட்டுமே சாப்பாடு என்று மாற்றினார்கள். முதலில் சரியாகத் தின்னாமல் மெலிந்தது, பிறகு மெல்ல மெல்ல வாருக்குள் நின்றபடியே தின்னப் பழகியது, திமிறலும் அடங்கியது. நாயின் மீது அவருக்கு எவ்வளவு கருணை இருந்தது என்பது வேறு விவாதம். ஆனால் வார் என்றால் வயிறு நிறையும் என்று நாய் நம்பிவிட்டால் எதிர்ப்பு அடங்கும் என்று அவர் கண்டதைத்தான் இன்றைய நல்ல பயிற்சியாளர்கள் செய்கிறார்கள், பட்டினி போடாமல்.

இதன் மறுபாதியை நாம் தெரியாமலே செய்கிறோம். கழுத்தில் ஒரு பக்கம் அழுத்தம் விழுந்தால் குட்டி எதிர்ப்பக்கம் முட்டும். நாம் இழுக்க இழுக்க அது இன்னும் முட்டும். சரி, பாவம் என்று இரண்டடி அதன் போக்கில் விடுகிறோம். மரத்தடி வாசனை அதற்குக் கிடைத்துவிடுகிறது. இழுத்தால் மரம் வரும் என்பதை அது ஒரே காலையில் கற்றுக்கொள்கிறது. நாளை ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று மறுபடி விட்டுக்கொடுக்கிறோம். ஆறு மாதத்தில் முப்பது கிலோவை நெருங்கும் லேப்ரடாராக அது வளர்ந்த பிறகு, “எங்க வீட்டு நாய் ரொம்ப இழுக்குது சார், ஏதாவது பெல்ட் இருக்கா?” என்று கடையில் போய்க் கேட்கிறோம். நம் சம்மதத்தோடு தினமும் பயிற்சி பெற்ற நாய் அது.

தடுப்பூசியும் ஜன்னலும்

எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள். அந்த வயதில் வீட்டுக்கு வரும் குட்டியைப் பார்த்ததும் மருத்துவர் சொல்லும் முதல் வார்த்தை: ஊசி முடியும்வரை தரையில் விடாதீர்கள். காரணம் பார்வோ. ரத்தபேதியாகக் கொட்டவைத்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும் வைரஸ். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய்கள் நடமாடும் ஊரில் இது வெற்றுப் பயமுறுத்தல் அல்ல. ஊசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் போய்ப் பதினாறு வாரம் அளவில்தான் முடிகின்றன.

சிக்கல் இங்கேதான். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான குட்டிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்து 1965இல் புத்தகமாக வெளியிட்டார்கள். புதியதை எளிதாக ஏற்கும்படி குட்டியின் மனதில் ஜன்னல் திறந்திருக்கும் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைதான் என்பது அவர்கள் கண்டது. அதற்குப் பிறகு புதியது என்றாலே முதலில் சந்தேகம், அப்புறம் பயம். பதினாறாம் வாரத்தில் ஊசி முடிந்ததும் முதன்முறையாகத் தெருவில் இறக்கினால், பி.எம்.டி.சி. பஸ்ஸின் ஏர் பிரேக் சீறும் சத்தத்துக்கு அது ஏன் சிறுநீர் விடுகிறது என்று புரிகிறதல்லவா? நடைபாதையில் குத்தவைத்த அந்தப் பீகிளுக்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்கிறார்கள். பெரும்பாலும் அது பயம்.

விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு சொன்னது. முதல் ஊசித் தொகுதியும் குடற்புழு நீக்கமும் ஆகிக் குறைந்தது ஏழு நாள் கழிந்த குட்டியைச் சுத்தமான இடத்தில் மற்றவர்களோடு பழகவிடலாம்; பழகாமல் வளர்ந்து பின்னாளில் நடத்தை கெட்டுச் சாகும் நாய்களே அதிகம் என்றது. அமெரிக்கப் புல்வெளியை அப்படியே பெங்களூருவுக்குப் பெயர்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் தூக்கிக்கொண்டு போக யார் தடுத்தார்கள்? குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆட்டோ போகட்டும், தண்ணீர் லாரி போகட்டும், தலையில் கூடையோடு பூக்காரம்மா போகட்டும். மெட்ரோ ரயில் தலைக்குமேல் போகும் சாலையென்றால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றும் கடந்து போகும்போது வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு. தெருவைக் கண்ணாலும் காதாலும் மூக்காலும் அது முதலில் படிக்கட்டும். கால் பிறகு படிக்கும்.

அதே நாட்களில் வீட்டுக்குள் லீஷ் வேலை தொடங்கிவிடலாம். சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் கழுத்துப் பட்டையைப் போடுங்கள். தின்று முடித்ததும் கழற்றுங்கள். முதலில் பின்னங்காலால் சொறியும், வட்டமடிக்கும். கண்டுகொள்ள வேண்டாம். பட்டையை மறந்த பிறகு மெல்லிய கயிறு ஒன்றை மாட்டி, உங்கள் கண்ணெதிரில் அது இழுத்துக்கொண்டு திரியட்டும். நாற்காலிக் காலில் சிக்கினால் எடுத்துவிட ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு கயிறே இல்லாமல் ஹாலில் நீங்கள் நடங்கள். குட்டி உங்கள் காலோரம் வந்தால் அங்கேயே, காலோரத்திலேயே, தீனி. விலகினால் ஒன்றுமில்லை. திட்டும் இல்லை. இந்த விளையாட்டு பிடித்துப்போன பிறகு கயிற்றின் முனையைக் கையில் எடுங்கள். லேசாக, மிக லேசாக, கயிறு நிமிரும் அளவுக்குப் பிடித்துக் காத்திருங்கள். இழுக்காதீர்கள். குட்டி யோசிக்கும்; ஒரு கட்டத்தில் உங்கள் பக்கம் ஓர் எட்டு வைக்கும். கயிறு தளரும் அந்த நொடியில் பாராட்டும் தீனியும். கயிறு விறைத்தால் அதன் பக்கம் நகர்ந்து தளர்த்திக்கொள்ளலாம் என்ற அறிவு அதற்கு வந்துவிட்டால் மீதி எல்லாம் பயிற்சிதான்.

தீனி விஷயத்தில் இந்த ஊர் வீடுகளில் கேள்வி வரும். கோழி புழங்காத வீடென்றால் பனீர் போதும். இட்லித் துண்டுக்கே குதிக்கும் குட்டிகள் உண்டு. சுண்டுவிரல் நகத்தளவு போதும், அதையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். திராட்சை (உலர்ந்ததும்தான்), சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது. நாய்க்கு அவை நஞ்சு.

இன்னொன்று, மொழி. பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா “வா” என்பார், பேரன் “கம்” என்பான், வீட்டு வேலைக்கு வரும் அக்கா “பா” என்பார், மாடி வீட்டு வடநாட்டுப் பையன் “ஆவ்” என்பான். மனிதர்கள் சமாளித்துக்கொள்கிறோம். குட்டிக்கு நான்கும் சேர்ந்து வெறும் இரைச்சல். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், வீடு முழுக்க ஒரே சொல். அதைவிட முக்கியம் ஒரே சட்டம். அப்பா நின்றால் நிற்கும் கயிறு, அம்மா பிடித்தால் ஓடும் கயிறு என்று இருந்தால் குட்டி அம்மாவுக்காகக் காத்திருக்கும்.

சங்கிலி என்ற பழைய பள்ளி

நம் ஊரில் நாய்ப் பயிற்சி என்றால் கண்முன் வருவது காவல்துறை நாய்ப் படை. பெங்களூருவில் ஆடுகோடியில் போலீஸ் நாய்கள் இருக்கின்றன. நகருக்கு வெளியே தரளுவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாய் வளர்ப்பு, பயிற்சிப் பள்ளி இருக்கிறது, பெல்ஜியன் மலினோயிஸ் நாய்களுக்குப் பேர்போனது. இந்த மரபின் ஒரு வேர் ஜெர்மன்காரர் கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூலில் இருக்கிறது. கட்டளை, பட்டையில் ஒரு சுண்டு, கீழ்ப்படிதல். அமெரிக்காவில் வில்லியம் கோலர் 1962இல் எழுதிய புத்தகம் இதையே இன்னும் கடுமையாகச் சொன்னது. படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குள் பயிற்சியாளர் ஆனபோது இந்த முறையும் கூடவே வந்தது. இழுத்தால் கழுத்தை நெரிக்கும் சோக் செயின் இன்னமும் கடைகளில் தொங்குகிறது.

மூன்று மாதக் குட்டிக்குச் சோக் செயின் மாட்டச் சொல்லும் பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது என்பேன். கழுத்துப் பட்டை இழுபடும்போது நாயின் கண் அழுத்தம் கணிசமாக ஏறுகிறது, மார்பில் பூட்டும் ஹார்னஸில் ஏறுவதில்லை என்று 2006இல் ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. மூக்குச் சப்பையான பக், ஷிட்ஸு வகைகளுக்கு மூச்சு ஏற்கெனவே முக்கல். அவற்றுக்குக் கழுத்தில் இழுப்பே ஆகாது. மார்பின் முன்பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் மாட்டினால், இழுக்கும் நாய் தானாகவே பக்கவாட்டில் நம் பக்கம் திரும்பிவிடும். அது பாடத்துக்கு மாற்று அல்ல, பாடம் ஏறும்வரை தோள்மூட்டைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஸ்பிரிங் வைத்து நீண்டு சுருங்கும் லீஷை மட்டும் வாங்காதீர்கள். இழுத்தால்தான் கயிறு நீளும் என்பதே அதன் அமைப்பு. நாம் மறக்கடிக்க நினைப்பதை அது அடிக்கு அடி நினைவூட்டும். அதோடு, நடைபாதைமேல் ஸ்கூட்டர் ஏறும் ஊரில் குட்டி நமக்குப் பதினைந்தடி தள்ளி இருப்பது ஆபத்து. ஐந்தாறடி நீளமுள்ள சாதாரண நைலான் லீஷ் போதும்.

சிப்பிப்பாறை, கன்னி, முதோள் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தென் தமிழகத்து நாயும் வட கர்நாடகத்து நாயும் உடலமைப்பில் உறவு: நீண்ட மெல்லிய தலை, அதைவிடப் பருத்த கழுத்து. சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பின்னோக்கி ஓர் உதறு உதறித் தலையை உருவிக்கொண்டு போய்விடும். போய்விட்டால் பிடிக்க இந்த ஊரில் பைக்கும் போதாது. இழுபடும்போது ஓரளவு மட்டும் இறுகி நின்றுகொள்ளும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டை இந்தத் தலைகளுக்காகவே வந்தது. பிரதமர் 2020 ஆகஸ்டில் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, முதோள் பெயர்களைச் சொன்ன பிறகு நகரத்து அடுக்ககங்களிலும் இவற்றைத் தேடுகிறார்கள். வாங்கட்டும். ஆனால் முயல் பார்த்தால் முடுக வளர்ந்த இனம் அது. தெருக்கோடியில் பூனை தெரிந்தால் உங்கள் கையில் எத்தனை பனீர் இருந்தாலும் அதன் கண்ணில் படாது. தீனி வேலை செய்யாத அந்தத் தருணத்துக்குத்தான் நல்ல பட்டை.

லிஃப்ட், பிறகு தெரு

அடுக்ககவாசிகளுக்குத் தெருவுக்கு முன்பே ஒரு தெரு உண்டு: லிஃப்ட். நாய் உள்ளவர்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் நோட்டீஸ் ஒட்டுவதும் அதற்குப் பதில் நோட்டீஸ் வருவதும் இங்கே வழக்கமான சண்டை. இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் விட்ட சுற்றறிக்கை, செல்லப்பிராணியை வளர்ப்பதையோ லிஃப்ட்டில் அழைத்துப்போவதையோ சங்கம் தடுக்க முடியாது என்கிறது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் மூன்றடிப் பெட்டிக்குள் நாய் என்றாலே உடல் நடுங்கும் ஒரு பாட்டியும் உங்கள் குதிக்கும் குட்டியும் அடைபட்டால் சுற்றறிக்கை உதவாது. கதவு திறந்ததும் பாயாமல் காத்திருப்பது, உள்ளே மூலையில் உங்கள் காலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்காருவது, எல்லோரும் இறங்கிய பிறகு இறங்குவது: ஆள் இல்லாத மதியத்தில் கீழ்த்தள பார்க்கிங் வரை பத்துத் தடவை போய்வந்தால் இது படியும். அந்த பார்க்கிங்கே அருமையான பள்ளிக்கூடம். வெயில் இல்லை, மழை இல்லை, வேற்று நாய் இல்லை, போரடிக்கும் அளவுக்கு வாசனையும் இல்லை.

இதற்குப் பிறகுதான் தெரு. ஐந்து நிமிடம் போதும். கயிறு விறைத்தால் நின்றுவிடுங்கள். தளர்ந்தால் நடங்கள். மறுபடி விறைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வேறு பக்கம் நடங்கள். குட்டி ஓடிவந்து சேர்ந்துகொள்ளும், அப்போது தீனி. முதல் வாரம் உங்கள் வீட்டு கேட்டைத் தாண்டியிருக்க மாட்டீர்கள். பால் வாங்கப் போகும் நடையையும் இந்த நடையையும் ஒன்றாக்காதீர்கள். போய்ச்சேர வேண்டிய அவசரம் உள்ளவரால் நிற்க முடியாது. ஏப்ரல் மதியத் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. புல்லில் புரண்டு வந்தால் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊர் நாய்களை வருடம் முழுக்கத் துரத்தும் நோய்.

மோப்பம் பிடிக்கவும் விட வேண்டும். நடை என்றால் கிலோமீட்டர் என்று நினைக்கும் ஊர் இது. கையில் கட்டிய கடிகாரம் எட்டு எண்ணுகிறது. 2019இல் ஷார்லட் துராந்தோன், அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். மூக்கால் தேடும் விளையாட்டை விளையாடிய நாய்கள், காலோரம் ஒட்டி நடக்கும் பயிற்சி மட்டும் செய்த நாய்களைவிட, உள்ளே தீனி இருக்கிறதா என்று தெரியாத கிண்ணத்தை நம்பிக்கையோடு அணுகின. பெங்களூருவில் தெருநாய்களின் அன்றாடத்தைக் கூர்ந்து கவனித்துவரும் சிந்தூர் பங்கல் போன்றவர்களும் சொல்வது இதுதான்: தன்னிச்சையாக வாழும் நாய், பொழுதின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்கிறது, எழுந்தால் மெதுவாக மோந்துகொண்டு போகிறது. நாம்தான் அதை ஓடவைக்கிறோம். ஆகவே “நட” என்றால் நடை, “போ” என்றால் மோப்பம் என்று குட்டிக்கு இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடலாம். தளர்ந்த கயிறோடு மரம் வரை வந்தால் அந்த மரமே கூலி. இழுத்தால் மரம் கிடைக்காது என்பதை இப்படித்தான் அது திருத்திப் படிக்கும்.

மூன்று வீட்டுக்கு ஒரு ராஜ்ஜியம்

வெளிநாட்டுப் புத்தகங்களும் யூடியூப் பயிற்சியாளர்களும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. அவர்களுடைய நடைபாதையில் இன்னொரு நாய் எதிர்ப்பட்டால் அதுவும் கயிற்றில் இருக்கும், கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பார். இங்கே? 2019 கணக்கெடுப்பில் 3.10 லட்சம், 2023 கணக்கெடுப்பில் 2.79 லட்சம் தெருநாய்கள். கருத்தடைத் திட்டத்தால் குறைந்தது என்று மாநகராட்சி சொன்னது. குறைந்த பிறகும் ஒரு நடையில் நான்கு எல்லைகளைக் கடக்கிறோம். ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு கரியா, ஒரு ராணி, அவர்களுக்குச் சோறு வைக்கும் ஒருவர்.

நகரவாசிகள் இங்கே செய்வது இரண்டு. ஒன்று, கல்லெடுப்பது. எடுத்த ஆளை அந்தத் தெரு மறக்காது. அடுத்த நாள் உங்கள் வாசனை வந்ததுமே குரைப்பு தொடங்கும், குட்டிக்கும் சேர்த்து. மற்றொன்று, குட்டியைப் பதறித் தலைக்குமேல் தூக்குவது. தூக்கியதை எட்டிப் பார்க்கத் தெருநாய் எம்பும், குட்டி அலறும், அன்றிலிருந்து எந்த நாயைக் கண்டாலும் அது கயிற்றில் தொங்கிக் கத்தும். கயிற்றை நாம் இறுக்கும்போதே நம் பயம் அதன் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. எதிரே நாய் தெரிந்ததும் கை தானாக இறுகுகிறதா என்று உங்களையே கவனியுங்கள், இறுகும்.

கொல்கத்தாவில் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறது. முன்பின் தெரியாத மனிதரிடம் நம்பிக்கை வர, திரும்பத் திரும்பச் சோறு போடுவதைவிடத் தடவிக்கொடுப்பதே அதிகம் வேலை செய்தது என்பது 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவு. பயிற்சி எதுவும் பெறாத தெருநாய்களே மனிதர் கைகாட்டிய திசையைப் புரிந்துகொண்டன என்று 2020இல் காட்டினார்கள். அதாவது தெருமுனை நாய் உங்களை வாசித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் நடையை, தோளை, கையை.

அதனால் குட்டியோடு நடப்பதற்கு முன் தனியாக நடந்துவாருங்கள். எந்த வளைவில் யார், எத்தனை மணிக்குச் சோறு, எந்த நாயின் காதில் கருத்தடை முடிந்ததற்கான வெட்டு இருக்கிறது, எது குட்டி போட்டிருக்கிறது. குட்டி போட்ட தாய் இருக்கும் சந்துக்கு இரண்டு மாதம் போகவே வேண்டாம். சோறு வைப்பவரைப் பழக்கம் செய்துகொள்ளுங்கள். ஹலசூரு, ஃபிரேசர் டவுன், மர்ஃபி டவுன் பக்கமென்றால் அவர் தமிழ் பேசும் ஓர் அக்காவாகவே இருக்கக்கூடும். “அது ஒண்ணும் பண்ணாது தம்பி, நீ ஓடாத” என்பார், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அவர் உடனிருக்கும்போது நடக்கும் முதல் அறிமுகம் பத்துப் பயிற்சி வகுப்புக்குச் சமம். அறிமுகமில்லாத கூட்டம் எதிர்ப்பட்டால் நேராகப் போகாமல் அகலமாக வளைந்து போங்கள், கண்ணுக்குக் கண் பார்க்காமல், கயிறு தளர்வாக. வந்த வழியே திரும்புவதும் பயிற்சிதான்; அதனால் திரும்பி நடப்பதை வெறும் விளையாட்டாக பார்க்கிங்கிலேயே படியவைத்துவிடுங்கள். வளர்ந்த தெருநாய்கள் சின்னக் குட்டியைப் பெரும்பாலும் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். அந்தச் சலுகை ஆறேழு மாதத்தோடு சரி. அதற்குள் உங்கள் தெருவின் ராஜாக்களோடு உங்கள் குட்டிக்கு முகப்பழக்கம் ஆகியிருக்க வேண்டும்.

தெருக்குட்டியையே எடுத்து வளர்ப்பவர்களும் இங்கே நிறைய. கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1991இல் இங்கே தொடங்கிய கூபா அமைப்பிலிருந்து பல காப்பகங்கள் வரை தத்து கொடுக்கின்றன. நாலைந்து மாதம் தெருவில் திரிந்த குட்டிக்கு ஆட்டோ பயமில்லை, பஸ் பயமில்லை. கயிறுதான் பயம். நாய் வண்டிக்காரர்கள் சுருக்குப் போட்டுப் பிடித்ததை அது பார்த்திருக்கலாம். அதற்கு எல்லாப் படியையும் மேலே சொன்ன வரிசையிலேயே, இரண்டு மடங்கு நிதானமாக.

ஐம்பது ரூபாய் அபராதம்

1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அதிகம் பேர் படிக்காத ஓர் உட்பிரிவு உண்டு. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி கொடுக்காமல் விடும் சொந்தக்காரர் குற்றவாளி. பால்கனிக் கம்பியில் நாள் முழுக்க நாயைக் கட்டிவைப்பவர்கள் எல்லோரும் இதில் வருவார்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பெங்களூருவில் ஒரு காபியும் மசால் தோசையும் அதைவிட அதிகம். மறுபக்கம், விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்குப் பாரதிய நியாய சம்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை வைத்திருக்கிறது. நடத்தாமல் விட்டாலும் தப்பு, அவிழ்த்து விட்டாலும் தப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள வழி ஐந்தடிக் கயிறு.

2018இல் மாநகராட்சி, அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்கு மூன்று என்று விதி கொண்டுவந்து, கிளம்பிய எதிர்ப்பில் பின்வாங்கியது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. இனத்தைத் தடை செய்வதா வேண்டாமா என்று அன்று தொலைக்காட்சிகளில் விவாதித்தார்கள். அந்த நாய்கள் கயிற்றில் இருந்தனவா என்ற கேள்விதான் எனக்கு முதலில் வந்தது. இல்லை.

கப்பன் பூங்கா கதையும் இதே வகை. 1870இல் உருவான அந்தப் பூங்காதான் நகர மையத்தில் நாயோடு நுழைய முடிந்த பெரிய பசுமை. லால்பாகில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. கயிறில்லாமல் விடுகிறார்கள், கழிவை அள்ளுவதில்லை என்று புகார்கள் குவிந்ததும் 2022 நடுவில் தோட்டக்கலைத் துறை கப்பன் பூங்காவிலும் நாய்களுக்குத் தடை என்று அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஜூன் மாதம்தான் ‘777 சார்லி’ வெளியாகி, ஒரு லேப்ரடாருக்காகக் கர்நாடகமே திரையரங்கில் அழுதுகொண்டிருந்தது, முதலமைச்சரும் அழுதார். எதிர்ப்பு வலுத்துத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. கட்டிக்கொண்டு வந்தால் அனுமதி என்பதுதான் நிபந்தனை. புகார் கொடுத்தவர்களை நாய் வெறுப்பாளர்கள் என்று ஏசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டவர், அதன்மேல் கால் தூக்கும் நாயின் சொந்தக்காரர் போனில் பேசிக்கொண்டே நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கழிவை அள்ளும் பையும் கயிறும் சேர்ந்துதான் ஒரு நடை.

குட்டி ஐந்தாம் மாதம் வாக்கில் தளர்ந்த கயிறோடு தெருக்கோடி வரை போய்வந்துவிடும். வீட்டில் எல்லோரும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அங்கே நிறுத்திவிட்டால் அடுத்து வருவதற்குத் தயாராக இருக்க மாட்டீர்கள். ஏழு எட்டு மாதத்தில் ஒரு நாள் அது எதையுமே கற்றதில்லை என்பதுபோல இழுக்கத் தொடங்கும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழு, வழிகாட்டி நாய்களாகப் போகும் லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளை வைத்து 2020இல் ஒன்றைக் கண்டது. எட்டு மாத வயதில் “உட்கார்” என்றால், வளர்ப்பவர் சொல்வதைவிட அந்நியர் சொல்வதை அவை நன்றாகக் கேட்டன. பதின்பருவம்! அது கடந்துபோகும் கட்டம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பெங்களூருவில் இதை ஆய்வு இல்லாமலே பார்க்கலாம். ஐடி வேலைக்காரர்கள் மாதச் சம்பளத்துக்கு வாக்கர் வைத்திருக்கிறார்கள். காலையில் நான்கு வீட்டு நாய்களை நான்கு கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர் போகிறார், நான்கும் சமர்த்தாகப் போகின்றன. “அவன்கூட இழுக்கவே மாட்டேங்குது, என்கிட்ட மட்டும்தான்” என்று சொந்தக்காரர்கள் முறையிடுகிறார்கள். அந்த இளைஞரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து உங்கள் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாயை அவர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.